பெர்னார்டுஸ் ஹெல்ட்: தாராளவாதத் தொழிலாளர் தலைவர்

பெர்னார்டுஸ் ஹெர்மானுஸ் ஹெல்ட் (1841–1914) நெதர்லாந்து நாடாளுமன்றக் கீழவையில் இடம்பெற்ற முதல் தொழிலாளி. மரச்சாமான் செய்யும் தச்சராக இருந்தவர். 1871இல் தொடங்கப்பட்ட பொது நெதர்லாந்துத் தொழிலாளர் சங்கத்துக்குப் பல ஆண்டுகள் தலைமை வகித்தார். 1885 முதல் 1901 வரை தாராளவாத அணியில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார்.

"முதல் தொழிலாளி" என்ற பெருமை ஓர் உண்மையை மறைத்துவிடுகிறது. 1885இல் வாக்குரிமை செலுத்தும் வரியைப் பொறுத்தே கிடைத்தது. வயதுவந்த ஆண்களில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினரே வாக்களிக்க முடிந்தது. பெண்களுக்கு அந்த உரிமையே இல்லை. ஆகவே பிரீஸ்லாந்து மாநிலத்தின் ஸ்னேக் தொகுதியிலிருந்து ஹெல்டை அவைக்கு அனுப்பியவர்கள் பெரும்பாலும் அவர் வர்க்கத்தினர் அல்லர்; வரி கட்டும் வசதி பெற்றவர்களே. யாருக்காகப் பேசினாரோ அவர்களிடம் வாக்கு இல்லை, வாக்கு வைத்திருந்தவர்களை அவர் பகைத்துக்கொள்ளவும் முடியாது. அவருடைய அரசியல் வாழ்வின் சிக்கல் இதுதான்.

அவருடைய சங்கம் கல்வி, கூட்டுறவு, சட்டத் திருத்தம் ஆகியவற்றை நம்பியது. வேலைநிறுத்தத்தைக் கடைசி வழியாகவே கருதியது. முதலாளிகளின் ஏவலர்கள் என்று சோசலிசவாதிகள் அதை ஏசினர். இது முழுக்க நியாயமன்று. குழந்தை உழைப்புக்குத் தடை, கட்டாயக் கல்வி போன்ற கோரிக்கைகளை அச்சங்கம் தொடக்கத்திலேயே எழுப்பியது. ஆனால் தாராளவாதிகள் எவ்வளவு செய்தார்கள்? சாமுவேல் ஃபான் ஹௌட்டனின் 1874ஆம் ஆண்டுச் சட்டம் 12 வயதுக்குட்பட்டோரைத் தொழிற்சாலையில் அமர்த்தத் தடை விதித்தது. வயல்வேலையையும் வீட்டுவேலையையும் விட்டுவிட்டது. கண்காணிக்க ஆய்வாளர்களும் இல்லை. பெண்கள், இளையோர் வேலைநேரத்தை 11 மணி நேரமாக வரையறுத்து, ஆய்வாளர்களையும் அமர்த்திய 1889ஆம் ஆண்டுச் சட்டம் மக்காய் தலைமையிலான சமயக் கட்சிகளின் ஆட்சியில் வந்தது. அதைத் தந்த அமைச்சர் ஒரு கத்தோலிக்கர். ஹெல்ட் துணை நின்ற அணிக்கு இது பெருமை சேர்க்கும் செய்தி அன்று.

வாக்குரிமையில்தான் அடி பலமாக விழுந்தது. தக் ஃபான் போர்ட்ஃபிளீட் கொண்டுவந்த பரந்த வாக்குரிமைத் திட்டத்தால் 1894இல் தாராளவாதிகள் இரண்டாகப் பிளந்தனர். அதை எதிர்த்தவர்களில் குழந்தைச் சட்டத்தின் அதே ஃபான் ஹௌட்டனும் ஒருவர். 1896இல் அவரே குறுகிய திட்டமொன்றைச் சட்டமாக்கினார். அதே 1894இல் சமூக சனநாயகத் தொழிலாளர் கட்சி பிறந்தது.

அதன் பிறகு தொழிலாளிக்குச் சிறிது சிறிதாக வாக்கு வந்தபோது, அது ஹெல்டின் அணிக்குச் செல்லவில்லை. அவர் மாநிலமே இதற்குச் சாட்சி. 1888இல் பிரீஸ்லாந்தின் ஸ்கோட்டர்லாந்து தொகுதி, முன்னாள் போதகரும் சோசலிசவாதியுமான டொமேலா நியூவன்ஹாயிஸைத் தேர்ந்தெடுத்தது. 1897இல் டீட்யெர்க்ஸ்டெரடேல் தொகுதி வழக்கறிஞர் ட்ரூல்ஸ்ட்ராவை அனுப்பியது. இருவரும் கைவினைஞர்கள் அல்லர் என்பது வேடிக்கைதான். தொழிலாளி தன் பிரதிநிதியின் தொழிலைவிட அவர் எந்த அணியில் நின்றார் என்பதையே பார்த்தார்.

ஹெல்டைத் துரோகி என்பதும் முன்னோடி என்று மட்டும் போற்றுவதும் எளிது. வாக்கற்றவர்களின் சார்பில் 16 ஆண்டுகள் அவையில் அமர்ந்திருந்தது சிறிய செயலன்று. ஆனால் தன் அணியை முன்னோக்கித் தள்ள அவருக்குப் பின்னால் வாக்கு வலிமை இல்லை. எல்லா ஆண்களுக்குமான வாக்குரிமையை 1917இல் கொண்டுவந்த பிரதமர் கோர்ட் ஃபான் டெர் லிண்டனும் தாராளவாதிதான். ஹெல்ட் அப்போது உயிருடன் இல்லை.