பௌ ஸ்ட்ரீட்டின் காது

சரித்திரத் துப்பறியும் நாவல்களில் என் மனசுக்கு உகந்த காலம், போலீஸ் என்ற ஒன்று முழுசாக உருத்திரளாத காலம்தான். 1829-ல் ராபர்ட் பீல் லண்டனுக்குச் சீருடைப் படையைக் கொடுத்தார். 1842-ல் துப்பறியும் பிரிவும் வந்துவிட்டது. அதற்குப் பிந்திய கதைகளில் துப்பறிகிறவருக்கு மேலதிகாரி உண்டு, கோப்பு உண்டு, தயவுதாட்சண்யம் பார்க்காத நடைமுறை உண்டு. அதற்கு முன்னால், கம்பும் விளக்கும் ஏந்திய ராக்காவலர்களும், கொள்ளைக்காரனுக்குத் தண்டனை வாங்கித் தந்தால் கிடைக்கும் 40 பவுண்டுக்காக அலைந்த ஆள்பிடிகாரர்களும்தான். அவர்களில் பேர்போன ஜோனதன் வைல்டு 1725-ல் தூக்கில் தொங்கிய பிறகும் அந்தப் பிழைப்பு ஒழியவில்லை. யார் திருடன், யார் பிடிப்பவன் என்றே தெரியாத அந்த ஊரில் உண்மையைக் கண்டுபிடிப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு நாவலாசிரியர் ப்ரூஸ் அலெக்சாண்டர் சொன்ன பதிலைப் போல வேறு யாரும் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

அவருடைய நாவல்களின் நாயகர் சர் ஜான் ஃபீல்டிங் கற்பனைப் பாத்திரமில்லை. பத்தொன்பது வயசில் கடற்படையில் நேர்ந்த விபத்தில் பார்வை போனவர். 'டாம் ஜோன்ஸ்' எழுதிய ஹென்றி ஃபீல்டிங்கின் தம்பி, வேறு தாய்க்குப் பிறந்தவர். லண்டனின் பௌ ஸ்ட்ரீட்டில் மாஜிஸ்திரேட்டாக இருந்த அண்ணன், 'பௌ ஸ்ட்ரீட் ஓட்டக்காரர்கள்' என்ற சிறு காவல் படையை 1749-ல் திரட்டினார். 1754-ல் அவர் லிஸ்பனில் கண்மூடியதும் மாஜிஸ்திரேட் நாற்காலியும் அந்தச் சிறு படையும் தம்பியிடம் வந்தன. மூவாயிரம் திருடர்களைக் குரலை வைத்தே இனங்காண்பார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஓவியங்களில் அவர் கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டி இருக்கும்.

இவ்வளவையும் சரித்திரமே தூக்கிக் கொடுத்திருக்கும்போது, சாமானிய எழுத்தாளர் அந்த மூவாயிரம் குரலை வைத்து வித்தை காட்டியிருப்பார். அலெக்சாண்டர் அதைத் தொடவே தயங்குகிறார். அவர் செய்தது வேறு. 1768-ல் லண்டனுக்கு வந்து சேரும் பதிமூன்று வயது அநாதை ஜெரமி ப்ராக்டரைக் கதைசொல்லியாக்கினார். செய்யாத திருட்டுக்காகப் பௌ ஸ்ட்ரீட்டில் நிறுத்தப்படும் பையன், பொய்ச் சாட்சிகளை சர் ஜான் கேள்விகளாலேயே சாய்ப்பதைக் கண்முன்னே பார்க்கிறான். அங்கிருந்து அவருக்குக் கண்ணாகிவிடுகிறான்.

'பிளைண்ட் ஜஸ்டிஸ்' (1994) நாவலில் உள்ளே தாழிட்ட நூலக அறையில் ஒரு பிரபு முகத்தில் குண்டுபட்டுக் கிடக்கிறார். பக்கத்திலேயே துப்பாக்கி. தற்கொலை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பையன் பார்த்ததைச் சொல்கிறான்: செத்தவரின் கைகள் சுத்தமாக இருக்கின்றன. அந்தக் காலத்துத் துப்பாக்கியை யார் சுட்டாலும் கையில் மருந்துக்கரி ஏறும். பையனுக்கு அது பார்த்த விவரம், அவ்வளவுதான். அதன் கனம் பெரியவருக்குத்தான் தெரிகிறது. இரண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு முழுத் துப்பறிவாளர். சரித்திர மர்மக் கதைகளில் இவ்வளவு இயல்பாகப் பொருந்திய ஜோடியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பெரியப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு சாயங்காலங்களில் இந்த வரிசையை நான்தான் வாசித்துக் காட்டினேன். விசாரணைக் கட்டம் வந்தால் நிமிர்ந்து உட்காருவார். "அவன் போன தடவை இவ்வளவு நீளமா பதில் சொல்லலையேடா, திருப்பி வாசி" என்பார். திருப்பி வாசித்தால், ஆமாம், முன்னே ஒரே வரியில் முடித்த ஆள் இப்போது சுற்றி வளைத்துக்கொண்டிருப்பான். அந்த வித்தியாசத்தை உரையாடலுக்குள்ளேயே பதித்துவைத்த கை லேசான கையில்லை.

நண்பர்கள் சிலருக்கு லிண்ட்சே ஃபேதான் உசத்தி. 1845-ல் நியூயார்க்கில் போலீஸ் பிறந்த கதையைச் சொல்லும் 'தி காட்ஸ் ஆஃப் கோத்தம்' நல்ல நாவல்தான், மறுக்கமாட்டேன். அந்த நகரத்தின் முதல் போலீஸ் தலைவர் ஜார்ஜ் மாட்செல், திருடர்களின் குழூஉக்குறிகளுக்கு 1859-ல் ஒரு அகராதியே வெளியிட்டவர். அந்தப் பேச்சை ஃபே எடுத்தாளும் அழகே தனி. ஆனாலும் பக்கத்துக்குப் பக்கம் அது கண்ணில் வந்து விழுகிறது. அலெக்சாண்டரின் பதினெட்டாம் நூற்றாண்டு அப்படிக் கவனத்தைக் கேட்பதில்லை. சாமுவேல் ஜான்சனே கதைக்குள் நடந்து வந்தாலும் அவருக்கென்று மேளம் கொட்டுவதில்லை.

இப்போது வருகிற நாவல்கள் பலவற்றில் எனக்கு ஆற்றாமைதான் மிஞ்சுகிறது. 1750-களில் நடமாடும் துப்பறிவாளர், சடலத்தைச் சுற்றி யாரும் கால் வைக்கக் கூடாது என்று கயிறு கட்டாத குறையாக உத்தரவு போடுகிறார். கைரேகை ஸ்காட்லாந்து யார்டுக்குள் நுழைந்ததே 1901-ல். அதுவும் கல்கத்தாவில் பழகித் தேர்ந்த பிறகு. அந்த அறிவை முன்கூட்டியே பாத்திரத்தின் தலையில் ஏற்றிவிட்டால், ஒன்றும் இல்லாமல் உண்மையைத் தேடிய மனிதர்களின் சாமர்த்தியத்துக்கு என்ன மரியாதை? மனசாட்சியிலும் இதே கோளாறு: இன்றைய மனசாட்சியை அன்றைய பாத்திரத்துக்கு மாட்டிவிடுகிறார்கள். சர் ஜானோ தன் காலத்துச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். அற்பத் திருட்டுக்கும் தூக்கு என்ற சட்டம் அவருக்கு உறுத்துகிறது, ஆனாலும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். இந்த இறுக்கத்தை அலெக்சாண்டர் தளர்த்தவே இல்லை.

மொத்தம் பதினொரு நாவல்கள். ப்ரூஸ் குக் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 2003-ல் போனார். கடைசி நூல் 2005-ல் வெளிவந்தது. பிந்தியவற்றில் சில தளர்ந்தவைதான். முதல் மூன்றையும் வரிசை மாற்றாமல் படியுங்கள். இரண்டாவதான 'மர்டர் இன் க்ரப் ஸ்ட்ரீட்'டில் ஜெரமி தொழில் பழகப் போகவிருந்த அச்சுக்கூட வீட்டிலேயே கொலை விழுகிறது. அங்கே நடக்கும் விசாரணைகளை வாய்விட்டு வாசிக்க முடிந்தால் இன்னும் நல்லது.