கையெழுத்துப் போடாத மனிதன்

துப்பறியும் கதை படிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் அத்தியாயத்தில் யார் எங்கே நின்றார், யார் கையில் என்ன இருந்தது என்பதையெல்லாம் மனத்தில் முடிந்து வைத்துக் கொள்வார்கள். கடைசி அத்தியாயத்தில் ஆசிரியர் அந்த முடிச்சுக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காட்டாவிட்டால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவரைத் திட்டுவார்கள். திட்டுவது நியாயந்தான். முதல் அத்தியாயம் என்பது வாசகரிடம் ஆசிரியர் வாங்குகிற கடன்.

அப்படிக் கடன் வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்காமலே பெரும் பெயர் வாங்கிய கதை ஒன்று இருக்கிறது. புத்தகம் அல்ல, ஸினிமா. 1975 ஜனவரியில் வெளிவந்த ‘தீவார்’ என்ற ஹிந்திப் படம். ‘சுவர்’ என்று அர்த்தம். டைரக்ட் செய்தவர் யஷ் சோப்ரா. ஆனாலும் அதைக் கதாசிரியர்களின் படம் என்று சொல்வதுதான் பொருத்தம். ஸலீம் கான், ஜாவேத் அக்தர் என்ற இருவர் சேர்ந்து எழுதினார்கள். ஸலீம்–ஜாவேத் என்று ஒரே மனிதரின் பெயரைப் போலவே அது வழங்கிற்று. எழுதினவன் பெயரைக் கேட்டு ஜனங்கள் ஸினிமாவுக்குப் போவது நம் நாட்டில் அபூர்வம். இவர்கள் விஷயத்தில் அது நடந்தது. எனவே கதை எழுதிப் பிழைக்கிற நான் அவர்கள் கதையைப் பற்றிப் பேசுவதில் அத்துமீறல் ஒன்றும் இல்லை.

கதை ஒரு கையெழுத்தில் தொடங்குகிறது. ஆனந்த் வர்மா என்பவர் தொழிலாளர் தலைவர். அவர் பேசினால் தொழிலாளிகள் கேட்கிறார்கள். அவர் சொன்னால் வேலைநிறுத்தம் நிற்கும், நடக்கும். முதலாளி அவருடைய மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பிடித்து வைத்துக்கொண்டு காகிதத்தை நீட்டுகிறார். கையெழுத்துப் போட்டால் தொழிலாளிகளுக்குத் துரோகம். போடாவிட்டால் பிள்ளைகள் இல்லை. போட்டு விடுகிறார். மிரட்டல் எப்படி நடந்தது என்று ஊருக்குத் தெரியாது. காகிதத்தில் இருக்கிற பெயர் மட்டும் தெரியும். அடி, உதை, வசை. ஒரு நாள் அவர் எங்கோ ரயிலேறிப் போய்விடுகிறார். மூத்த பையன் விஜயைச் சிலர் பிடித்து இழுத்து, ‘என் அப்பன் திருடன்’ என்ற பொருளில் அவன் கையில் பச்சை குத்தி விடுகிறார்கள். தாய் சுமித்ரா இரண்டு பிள்ளைகளோடும் பம்பாய்க்கு வருகிறாள். கட்டட வேலையில் கல் சுமக்கிறாள். விஜய் தெருவில் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுத் தம்பி ரவியைப் படிக்க வைக்கிறான். அண்ணன் துறைமுகக் கூலியாகிப் பிறகு கடத்தல்காரனாகிறான். தம்பி போலீஸ் அதிகாரியாகிறான். கடைசியில் தம்பி அண்ணனைச் சுடுகிறான்.

சொன்னால் இவ்வளவுதான். ஆனால் இதைச் சொல்லியிருக்கிற விதத்தில் சில இடங்கள் நம்முடைய நாவலாசிரியர்கள் பலர் உட்கார்ந்து படிக்க வேண்டியவை. பையனாக இருக்கும்போது பூட்ஸுக்குப் பாலிஷ் போட்ட காசை ஒருவன் தரையில் வீசி எறிகிறான். பையன் குனிய மறுக்கிறான். பிச்சை கேட்கவில்லை, வேலை செய்திருக்கிறேன், எடுத்துக் கையில் கொடு என்கிறான். பக்கத்திலிருந்த தாவர் என்ற கடத்தல்காரன் இதைக் கவனித்துக் கொள்கிறான். பல வருஷங்களுக்குப் பிறகு அதே தாவர் நோட்டுக் கற்றையை அவன் முன்னால் வீசும்போது, வீசின காசை இன்றைக்கும் எடுப்பதில்லை என்று வருகிறது பதில். நடுவில் எத்தனையோ ரீல்கள் ஓடிவிட்டன. அந்த ஒரு வாக்கியத்தில் பையனும் மனிதனும் ஒட்டிக் கொள்கிறார்கள். ஆனால் எழுத்தாளர்கள் சொல்லாமல் சொல்வது வேறொன்று: மானத்தைக் காப்பாற்றிக் கொண்ட அதே நிமிஷத்தில் அவன் விலைக்குப் போகிறான். கையில் கொடுத்தால் வாங்கிக் கொள்கிறானே!

கிடங்குக் காட்சியும் அப்படித்தான். துறைமுகத்தில் கூலிகளிடம் வாரந்தோறும் பணம் பறிக்கிறவர்கள் விஜயைத் தேடி ஊரெல்லாம் அலைகிறார்கள். அவனோ அவர்களுடைய கிடங்கிலேயே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கதவை உட்புறமாகப் பூட்டிச் சாவியை எதிரி பீட்டரிடமே எறிந்து, சட்டைப் பையில் வைத்துக்கொள், பிறகு நான் எடுத்துக் கொள்கிறேன் என்கிறான். சண்டைக் காட்சிகள் எனக்குப் பொதுவாகக் கொட்டாவியை வரவழைப்பவை. இதில் சண்டை ஆரம்பிக்குமுன்பே காரியம் முடிந்து விடுகிறது. சாவி கை மாறின போதே பீட்டர் தோற்றுப் போனான். திகில் என்பது கத்தியிலும் துப்பாக்கியிலும் இல்லை, ஒரு சின்னச் சாமானை யார் கையில் யார் கொடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது என்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தக் கதையின் உயிர் இருக்கிற இடம் வேறு. எல்லாரும் பாலத்தடியில் அண்ணனும் தம்பியும் சந்திக்கிற காட்சியைச் சொல்வார்கள். பங்களா, கார், பணம் என்று அண்ணன் அடுக்க, தம்பி தாயைச் சொல்லி வாயடைக்கிறான். நல்ல காட்சிதான்; கை தட்டலுக்கு என்றே செய்த காட்சி. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தியது. அண்ணன் கடத்தல்காரன் என்று தெரிந்த பிறகு ரவி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து குற்றங்களை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்கிறான். விஜய் போடுகிறேன் என்கிறான். ஆனால் தனியாக அல்ல. முதலில் என் தகப்பனாரிடம் கையெழுத்து வாங்கினானே, அவனுடைய கையெழுத்தை வாங்கிக்கொண்டு வா. என் தாயை ஏசி வேலையிலிருந்து துரத்தினானே, அவனுடையதை வாங்கு. என் கையில் இதைக் குத்தினானே, அவனுடையதை வாங்கு. பிறகு எந்தக் காகிதத்தை நீட்டினாலும் போடுகிறேன்.

தகப்பன் போட்ட கையெழுத்து மகன் போட மறுக்கிற கையெழுத்தாகத் திரும்பி வந்திருக்கிறது. வாங்கின கடன் வாசலில் வந்து நிற்கிறது என்று நிமிர்ந்து உட்கார்கிறோம். ரவியின் பதில் என்ன? பிறத்தியார் செய்த பாவத்தால் உன் பாவம் குறைந்துவிடாது என்கிறான். சரியான பதில். எந்தக் கோர்ட்டிலும் செல்லும். ஆனால் விஜய் கேட்டது அதுவல்லவே. என் குற்றத்தை மன்னித்துவிடு என்று அவன் கேட்கவில்லை. அந்த மூன்று கையெழுத்துக்களையும் வாங்கக் கூடிய யோக்கியதை உன் சட்டத்துக்கு இருக்கிறதா என்று கேட்டான். ரவி போலீஸ் அதிகாரி. பழைய கட்டொன்றை எடுத்துத் தூசி தட்டிப் பார்க்கலாமா என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றவில்லை என்பதை விட்டுவிடலாம், எழுதினவர்களுக்கும் தோன்றவில்லை. அந்த முதலாளி முதல் சில ரீல்களோடு கதையைவிட்டுப் போனவர்தான். அண்ணனுடைய பழி அவரைத் தேடிப் போகவில்லை. தம்பியுடைய நியாயமும் போகவில்லை. அண்ணன் வஞ்சம் தீர்ப்பது சாமந்த் என்ற இன்னொரு கடத்தல்காரனிடம். தம்பி சட்டத்தை நிலைநாட்டுவது அண்ணனிடம். ஒரே வீட்டில் ஒரே காயம் பட்ட இருவர் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டே கதையை முடித்து விடுகிறார்கள்.

ரொட்டித் திருடின பையன் காட்சி இதை இன்னும் வெளிப்படையாகக் காட்டிவிடுகிறது. ஓடுகிற ஒரு பையனை ரவி காலில் சுடுகிறான். பையன் கையில் இருந்தது ரொட்டி. மனம் கேட்காமல் சாப்பாட்டுச் சாமான்களோடு அந்த வீட்டுக்குப் போகிறான். தாய் வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். தகப்பனாரோ ஓய்வு பெற்ற வாத்தியார். திருட்டு திருட்டுத்தான், லட்சமானாலும் காசானாலும் ஒன்றுதான் என்கிறார். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் ரவி அண்ணன் மேல் உள்ள வழக்கை ஏற்றுக் கொள்கிறான்.

வாத்தியார் வேஷத்தில் ஏ. கே. ஹங்கல் மிக நன்றாக நடித்திருக்கிறார். கண்ணில் ஜலம் வந்துவிடும். துடைத்துக்கொண்டு யோசித்தால்தான் திக்கென்கிறது. ஆயுசு முழுவதும் பாடம் சொல்லிக் கொடுத்தவர் வீட்டில் ரொட்டி இல்லை. ஏன் இல்லை என்ற கேள்வியை அந்த வீட்டு வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு ரவி உள்ளே போய்த் தர்மோபதேசம் மட்டும் கேட்டுக்கொண்டு வருகிறான். எவ்வளவு நேர்மையான மனிதர் என்று நாமும் பெருமூச்சு விடுகிறோம். அவருடைய நேர்மை கதாசிரியர்களுக்கு மிகவும் சௌகரியமாகப் போயிற்று.

இதற்கு முன்னால் இதே குடும்பத்துக் கதைகள் ஹிந்தியில் வந்திருக்கின்றன. 1957-ல் மெஹ்பூப் கான் எடுத்த ‘மதர் இந்தியா’வில் லேவாதேவிக்காரன் சுக்கிலாலா இருக்கிறான். கணக்குப் புத்தகம் அவன் கையில். அந்தப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஏமாந்த குடும்பத்துக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அவன் வீடு எது என்று தெரியும். கொள்ளைக்காரனாகிவிட்ட இளைய மகன் பிர்ஜு நேரே அந்த வீட்டுக்குத்தான் போகிறான். அவனைக் கொல்கிறான். பிறகு பெற்ற தாயே பிர்ஜுவைச் சுடுகிறாள். அங்கே கடன் திருப்பிக் கொடுக்கப்பட்டு, அதற்குமேல் ஒரு விலையும் கொடுக்கப்பட்டது. 1961-ல் வந்த ‘கங்கா ஜமுனா’விலும் கொள்ளைக்கார அண்ணன், போலீஸ்காரத் தம்பி. திலீப் குமாருக்குத் தம்பியாக அவருடைய உடன்பிறந்த தம்பி நாஸிர் கானே நடித்தார். அங்கேயும் அநியாயம் செய்தவன் ஊரிலேயே கண்ணெதிரே இருக்கிறான்.

பம்பாய்க்கு வந்ததும் அந்த முகம் மறைந்து போகிறது. அதைக் கதாசிரியர்களின் மறதி என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட எனக்குச் சம்மதம் இல்லை. கிராமத்தில் கெடுத்தவனுக்குப் பெயர் உண்டு, திண்ணை உண்டு. பட்டணத்தில் அவன் ஒரு கம்பெனி. விஜய் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தைக் கேட்ட விலைக்கு வாங்குகிறான். உனக்கு வியாபாரம் தெரியவில்லை, குறைத்துக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன் என்கிறார் விற்றவர். உமக்குத்தான் தெரியவில்லை, கூடக் கேட்டிருந்தாலும் வாங்கியிருப்பேன், என் தாய் இங்கே கல் சுமந்தாள் என்கிறான் இவன். ஆளைப் பிடிக்க முடியாதவன் கட்டடத்தைப் பிடித்துக் கொள்கிறான். பழி வாங்க மனிதன் கிடைக்காமல் சிமெண்டைப் பழி வாங்குகிறான். எனக்குத் தெரிந்து பட்டணத்து ஏழையின் கோபத்தை இதைவிடத் துல்லியமாக யாரும் காட்டவில்லை.

அந்தக் கோபம் அப்போது ஊரெல்லாம் இருந்தது. 1974 மே மாதத்தில் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்து அடக்கப்பட்டிருந்தது. படம் வந்த ஐந்தாவது மாதம், 1975 ஜூன் 25 இரவு, நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. கடத்தல்காரர்கள் மேல் தனிச் சட்டமே 1974-ல் கொண்டுவந்தார்கள். கடத்தலுக்கு அவ்வளவு கிராக்கி எப்படி வந்தது என்றால், 1963-ல் தங்கக் கட்டுப்பாடு வந்தது; பதினாலு காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். நம் வீட்டுப் பெண்கள் அதற்காகக் கல்யாணத்தைத் தள்ளி வைத்தார்களா என்ன! கடலோரத்தில் இறங்கின பிஸ்கோத்துக்கள் எந்தக் கழுத்துக்களுக்குப் போயின என்று தாவரைக் கேட்டால் சொல்லியிருப்பான். படம் அவனை அதைக் கேட்கவில்லை. தியேட்டரில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது சங்கடமாயிருந்திருக்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தொடங்கிக் கடத்தலில் பெரும் புள்ளியான ஹாஜி மஸ்தானை மனத்தில் வைத்தே விஜயைப் படைத்தார்கள் என்று சொல்வார்கள். அவர் நம் இராமநாதபுரம் ஜில்லாவில் பிறந்தவர்.

அமிதாப் பச்சனைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? கண்ணிலேயே கதையைச் சொல்லி விடுகிறார். சசி கபூர் அவரைவிட நான்கு வயது மூத்தவர், தம்பியாக நடித்தார். நியாயத்தின் பக்கம் நிற்கிற பாத்திரத்துக்கு வசனம் நிறைய, ருசி குறைவு. அந்தக் கஷ்டத்தோடு அவர் செய்திருப்பது சாமானியம் அல்ல. அனிதாவாக வரும் பர்வீன் பாபியின் பாத்திரத்துக்கு மட்டும் அநியாயம் செய்துவிட்டார்கள். அவள் கர்ப்பமானதும் விஜய் தன் குழந்தையின் கையிலும் அப்படி ஓர் எழுத்து ஏறக்கூடாதென்று சரணடையத் தீர்மானிக்கிறான். உடனே அவளைக் கொன்று விடுகிறார்கள். கதைக்கு அவள் சாவு தேவைப்பட்டது, அவள் தேவைப்படவில்லை.

1981-ல் இந்தக் கதையைத் தமிழில் ரஜினிகாந்தை வைத்துத் ‘தீ’ என்ற பெயரில் எடுத்தார்கள். சுவர் தீயாகி விட்டது. சுவர் என்றால் இரண்டு பக்கம் உண்டு. இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். தீக்குப் பக்கம் ஏது? நம்மவர்கள் அண்ணனை மட்டும் எடுத்துக்கொண்டு தம்பியை விட்டு விட்டார்கள் என்பது பெயரிலேயே தெரிகிறது.

சுமித்ராவாக நிருபா ராய். ரவி புறப்படும்போது துப்பாக்கியை அவளே எடுத்துக் கொடுத்து, சுடும்போது கை நடுங்காமல் இருக்கட்டும் என்கிறாள். கொடுத்துவிட்டு, மூத்த மகன் வருவான் என்று கோவிலில் போய்க் காத்திருக்கிறாள். குண்டடி பட்டு வந்து அவள் மடியில்தான் அவன் சாகிறான். இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு நடக்கிற ஒரு விழாவில்தான் படம் தொடங்கியிருந்தது. கடமையைச் செய்த போலீஸ் அதிகாரிக்குப் பதக்கம். மண்டபம் நிறையக் கனவான்கள். அந்தப் பெருமை தன் தாயைச் சேர்ந்தது என்கிறான் ரவி. அவளை மேடைக்கு அழைக்கிறார்கள். எல்லாரும் கை தட்டுகிறார்கள். முதல் தடவை பார்க்கும்போது அந்தக் கைதட்டலில் ஒன்றும் தெரியாது. இரண்டாம் தடவை பார்க்கிறவர்கள் காமிரா அவள் முகத்துக்குப் போகும்போது அதோடு போகாமல், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற கனவான்களை ஒவ்வொருவராகப் பார்க்கட்டும்.