வாயிலும் வழியும்: இணையத்தள அமைப்பில் அணுகுதன்மையும் பயன்படுதன்மையும்

இணையத்தள அமைப்புப் பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றை நோக்குமிடத்து, அணுகுதன்மை, பயன்படுதன்மை என்னும் இரு கலைச்சொற்களும் பெரும்பாலும் ஒருபொருட் கிளவிகளாகவே கையாளப்படுவதைக் காணலாம். ‘எல்லோரும் எளிதிற் பயன்படுத்தக்கூடிய தளம்’ என்று கூறிவிட்டால் இரண்டும் அதனுள் அடங்கிவிடும் என்ற எண்ணமே இதற்குக் காரணமாகும். சொற்கள் மயங்குவதனால் மட்டும் பெருங்கேடு விளைந்துவிடாது. ஆனால் இம்மயக்கத்தின் பயனாக ஒரு சாரார் கணக்கிலேயே சேர்க்கப்படாது விடப்படுகின்றனர். ஆதலின் இவ்வேறுபாடு ஆராயத்தக்கது.

பயன்படுதன்மைக்குச் சர்வதேச நியமங்கள் நிறுவனம் வரைவிலக்கணம் தந்துள்ளது. 1998 இல் வெளிவந்து 2018 இல் திருத்தப்பெற்ற 9241-11 ஆம் இலக்க நியமம், குறித்த பயனர் குறித்த சூழலிற் குறித்த நோக்கங்களை எவ்வளவு முழுமையாகவும் சிக்கனமாகவும் மனநிறைவோடும் எய்துகின்றனர் என்பதையே பயன்படுதன்மை என்கின்றது. அணுகுதன்மை பற்றிய வழிகாட்டு நெறிகளை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1999 இல் முதன்முதலாக வெளியிட்டது, அவற்றின் 2.2 ஆம் பதிப்பு 2023 இல் வெளிவந்தது. உள்ளடக்கம் புலன்களுக்கு எட்டுவதாய், இயக்கத்தக்கதாய், விளங்கத்தக்கதாய், பல்வகைக் கருவிகளுக்கும் ஈடுகொடுப்பதாய் இருத்தல் வேண்டும் என்பதே அந்நெறிகளின் சாரம். பார்வையற்றோர், செவிப்புலன் குறைந்தோர், கைகளை இயக்க இயலாதோர் முதலியோரை மனங்கொண்டு அவை வகுக்கப்பட்டன.

இவ்விரு நிலைப்பாடுகளையும் அருகருகே வைத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். பயன்படுதன்மையின் வரையறை ‘குறித்த பயனரை’ அடிப்படையாகக் கொண்டது. அப்பயனரைக் குறிப்பவர் யார்? தளத்தை அமைப்பவரே. அவர் தம்மையொத்த, கண்ணும் கையும் நலமாயுள்ள ஒருவரையே குறித்துக்கொண்டாராயின், வேறு பலர் நுழையவே முடியாத ஒரு தளமும் பயன்படுதன்மையில் முதன்மதிப்புப் பெற்றுவிடலாம். அணுகுதன்மையோ, விடுபட்டவர் யார் என்று வினவுகின்றது. முன்னையது தரம் பற்றியது. பின்னையது உரிமை பற்றியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 9 ஆம் உறுப்புரை இணையத்தையும் இவ்வுரிமையுள் அடக்குகின்றது. அச்சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்தது.

வன்னிப் பெருநிலப்பரப்பில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிவுற்ற போரிற் பார்வையையும் அவயவங்களையும் இழந்தோர் இங்கு வாழ்கின்றனர். அடுத்தடுத்து நேர்ந்த இடப்பெயர்வுகளில் வீட்டு நூற்சேர்க்கைகளும் கைவிடப்பட்டன. எனவே கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்து கற்கும் மாணவருக்கு இணைய நூலகம் என்பது இழந்துபோன நூலடுக்கின் இடத்தில் நிற்பது. அதன் வாயில் எவருக்குத் திறக்கும் என்னும் வினா இங்கே கல்வியுரிமை பற்றிய வினாவாகிவிடுகின்றது.

ஈழத்துத் தமிழ்க் கணினி அச்சில் நெடுங்காலம் கோலோச்சிய பாமினி எழுத்துருவை முதற்சான்றாகக் கொள்ளலாம். அதில் ‘அம்மா’ என்று தட்டெழுதினால் திரையில் அச்சொல் அழகாகவே தோன்றும். ஆயின் கணினியினுள்ளே பதிந்திருப்பவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கில விசைக் குறிகளே. பார்வையற்றவருக்காகத் திரையிலுள்ளதை ஒலியாக்கும் திரைவாசிப்பான் அக்குறிகளையே ஒலிக்கும். பார்வையுள்ளவர் ஒரு குறையும் காணாத பக்கம் பார்வையற்றவருக்கு வெறும் பிதற்றலாகின்றது. தமிழ் எழுத்துகளுக்குத் தனிக் குறியெண்களை வழங்கும் யூனிகோட் முறை 1991 இலேயே தோன்றிவிட்டது. ஆதலின் இக்காலத்தில் ஒரு தளம் பழைய எழுத்துருவிலேயே தமிழை இடுமாயின், அதனை வசதிக்குறை என்று மட்டும் கூறி அமைதல் பொருந்தாது. அது வாயிலடைப்பு.

இரண்டாவது சான்று 2005 இல் தொடங்கப்பெற்ற நூலகம் இணையத்தளம். ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் அழியாது காத்த அதன் பணி போற்றுதற்குரியது. பட்டியல்கள் யூனிகோட் தமிழில் உள்ளன; பல இதழ்களின் உள்ளடக்கமும் தட்டெழுதித் தரப்பட்டுள்ளது. தேடுவோர் வேண்டியதை விரைந்து கண்டடைவர். ஆயினும் ஆவணங்களுட் பெரும்பாலானவை அச்சுப் பக்கங்களின் மின்வருடிய படங்களாகும். பார்வையற்ற மாணவர் ஒருவர் திரைவாசிப்பானின் துணையுடன் கட்டுரையின் தலைப்பைக் கண்டறிவார். அது எந்த இதழில் உள்ளதென்றும் அறிவார். கட்டுரையைத் திறந்ததும் கருவி மௌனமாகிவிடும். பயன்படுதன்மை மிக்கதோர் அமைப்பு அணுகுதன்மையில் இடறும் இடம் இதுவே.

இதற்கு மறுதலையாக மதுரைத் திட்டத்தைக் காட்டலாம். 1998 இல் தொடங்கிய இத்தன்னார்வ முயற்சி இலக்கியங்களைத் தட்டெழுதிய பாடமாகவே வெளியிட்டு வந்துள்ளது. யூனிகோட்டில் உள்ள அதன் பாடங்களைத் திரைவாசிப்பான் வாசிக்கும். ஆயினும் பல நூல்கள் உட்தலைப்புகளுக்குத் தாவும் வழியின்றி ஒரே நெடும் பக்கமாய் நீள்கின்றன. கண்ணால் வாசிப்பவர் பக்கத்தை உருட்டி வேண்டிய இடத்தைப் பிடிப்பார்; செவியால் வாசிப்பவர் ஒரு செய்யுளுக்காகப் பல நூறு அடிகளைக் கடக்க நேரும். இங்கே வாயில் திறந்துள்ளது; வழி செப்பனிடப்படவில்லை.

அணுகுதன்மை பயன்படுதன்மையின் ஒரு கூறே, ஆதலின் தனித்துப் பேசவேண்டியதில்லை என வாதிப்போர் உளர். எல்லாப் பயனரையும் உண்மையாகவே கணக்கிற் கொள்வோமாயின் இவ்வாதம் பொருந்தும். நடைமுறையிற் பெரும்பான்மையோரின் வசதியே ‘பயனர் வசதி’ எனப்படுவதால், கூறென்று சொல்லப்பட்டது முதலிற் கைவிடப்படுவதாய் முடிகின்றது. மறுபுறம், நெறிகளின் பட்டியலை நிறைவேற்றிவிட்டால் போதும் என்பாரும் உளர். மிகவுயர்ந்த படிநிலைக்கு இணங்கிய உள்ளடக்கமும் எல்லாவகை இயலாமையுடையோருக்கும் எட்டிவிடாது என்று அந்நெறிகளே கூறுகின்றன. படங்களுக்கெல்லாம் மாற்றுரை எழுதி, நிறவேறுபாட்டை 4.5க்கு 1 என்னும் விகிதத்தில் அமைத்து, விசைப்பலகையால் மட்டும் இயங்குமாறு செய்த படிவமொன்று, கடின மொழிபெயர்ப்புத் தமிழில் அமைந்திருப்பின், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் ஒரு தாய் அதனை நிரப்ப அயலார் ஒருவரையே நாடவேண்டியிருக்கும்.

ஆகவே இரண்டையும் வரிசைப்படுத்திக் கேட்பதே முறை. யார் வெளியே நிற்கின்றனர் என்பது முதல் வினா. உள்ளே வந்தவர் எண்ணியதை எய்தினரா என்பது அடுத்த வினா. முதல் வினாவுக்கு நெறிகள் பெரிதும் துணைபுரியும். இரண்டாவதற்குப் பயனரையே அழைத்துப் பரீட்சித்தல் வேண்டும். அவ்வாறு அழைக்கப்படுவோருள் பார்வையற்றவரும் கையிழந்தவரும் இருப்பாராயின் இரு வினாக்களுக்கும் ஒருசேர விடை கிட்டும். 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியா முதலாக இப்பிரதேசக் கல்வி நிறுவனங்கள் இப்பரீட்சையைத் தத்தம் தளங்களில் நடத்துதல் அரிதன்று. தமிழ்ச் சங்க ஏடுகளும் இதற்கு விலக்காகா. அச்சிட்ட பக்கங்களைப் படமாக்கி இணையத்தில் இடுவதோடு அமையாது, யூனிகோட் பாடமாகவும் தலைப்பு வகுத்தும் வெளியிடுவோமாயின், நமது எழுத்து இதுவரை எட்டாத வாசகரையும் சென்றடையும்.