ஊசிக்குப் பின்னால் ஒரு சிதை

பட்டினத்தாரைப் பற்றி நம் புலம்பெயர்ந்த ஊர்க் கோயில்களில் பேசுகிறவர்கள் அநேகமாக ஊசியில் தொடங்கி ஊசியிலேயே முடித்துக்கொள்கிறார்கள். காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர் திருவெண்காடர். வளர்ப்பு மகன் மருதவாணன் கடல் கடந்து வாணிபம் செய்யப் போய் வரட்டியும் தவிடுமாகத் திரும்பி வருகிறான். தகப்பன் கோபிக்க, மகன் ஒரு பெட்டியை விட்டுவிட்டு மறைந்துபோகிறான். பெட்டிக்குள் காதில்லாத ஊசியும் ஓர் ஓலை நறுக்கும். சாகும்போது இதுகூட உன்னோடு வராது என்பது ஓலையின் செய்தி. வணிகர் துறவியாகிறார். இந்த இடத்தில் பேச்சாளர் நம்மைப் பார்த்து, இரண்டு வீடும் மூன்று காரும் எதற்கு என்று கேட்பார். மண்டபம் தலையாட்டும். அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும்போது வீட்டுக்கடன் வட்டியைப் பற்றிப் பேச்சு நடக்கும்.

வட்டி கட்டுகிறவர்கள் வட்டியைப் பற்றிப் பேசத்தான் செய்வார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. பற்றின்மையைச் சொத்து விவகாரமாகச் சுருக்கிவிட்டோம் என்பதுதான் குறை. பட்டினத்தார் பெயரில் நம்மிடம் இருப்பவற்றில் பற்றின்மையைக் கடுமையாகச் சோதிப்பவை, தாயின் சிதையருகே பாடியதாகச் சொல்லப்படும் பத்துப் பாடல்கள்.

பதினோராம் திருமுறையில் உள்ள ஐந்து நூல்களைப் பாடிய பட்டினத்துப் பிள்ளையாரும், எளிய தமிழில் பாடிய இந்தப் பிற்காலப் பட்டினத்தாரும் ஒருவரல்லர் என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. மொழியைப் பார்த்தாலே தெரியும். நம் காதுக்குள் இருப்பவர் பின்னவர். 1962இல் வந்த படத்தில் டி. எம். சௌந்தரராஜன் பட்டினத்தாராகவே நடித்தார். என் தலைமுறைக்குப் பட்டினத்தாரின் குரல் அவருடையதுதான்.

கதை இது. தாய் இறந்தால் கொள்ளி வைக்க வருவேன் என்று துறவி வாக்குக் கொடுத்திருக்கிறார். வருகிறார். உறவினர் அடுக்கிய காய்ந்த விறகை விலக்கிவிட்டுப் பச்சை வாழைமட்டைகளை அடுக்கிப் பாடியே தீ மூட்டுகிறார். அற்புதத்தை விடுங்கள். பாடல்களைப் பாருங்கள்.

முதல் பாடலிலிருந்தே அவர் எண்ணுவது உடலின் உறுப்புகளை. நோவோடு சுமந்த வயிறு, தூக்கி வைத்திருந்த மார்பு, தோள். தன்னைச் செல்வமே என்று கொஞ்சிய வாய்க்கு இப்போது அரிசி போட வேண்டியிருக்கிறதே என்று திகைக்கிறார். செல்வத்தை எல்லாம் உதறிவிட்டு வந்தவருக்கு, தானே ஒருத்திக்குச் செல்வமாக இருந்தது நினைவுக்கு வருகிறது. இன்னொரு பாடலில் தீக்களை வரிசைப்படுத்துகிறார்: முப்புரத்தில் விழுந்தது, இலங்கையில் விழுந்தது, தாய் பெற்றபோது தன் அடிவயிற்றில் மூண்டது, இனித் தான் வைக்கப்போவது. புராணத்திலிருந்து ஒரே தாவலில் அடிவயிற்றுக்கு வந்துவிடுகிற இந்த வரிசை தமிழில் எழுதப்பட்ட பெரிய துயரக் கவிதைகளோடு வைக்கத் தக்கது. இலங்கை என்ற சொல்லில் நம்மவர்களுக்கு வேறொரு தீயும் தெரியும். அது பாடியவர் அறியாதது.

ஒன்பதாம் பாடலில் அருணாசலத்து இறைவனிடம் கேட்கிறார்: என் தாய் உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டாளா, என்னை மறந்துவிட்டாளா? துறவி கேட்கக் கூடாத கேள்வி இது. உலகை மறந்தவர், தன்னை ஒருத்தி மறந்துவிட்டாளோ என்று அஞ்சுகிறார். பத்தாம் பாடல்தான் எல்லாம் சிவமயம், இரங்க வேண்டாம் என்கிறது. ஒன்பது பாடல்கள் அழுத பிறகு.

நம் கடைக்கணக்கில் பற்று என்றால் வேறு பொருள். நாம் எடுத்துக்கொண்டது பற்று, கொடுத்தது வரவு. ஊர்க் கடைக்காரர் கொப்பியில் நம் பெயருக்கு நேரே எழுதிவைத்திருப்பதும் பற்றுத்தான். இது சொல்லாராய்ச்சி இல்லை, ஒரு வாசகனின் யோசனை. ஆனாலும் வணிகராக இருந்தவரின் கதையில் இந்தப் பொருள் அழகாகப் பொருந்துகிறது. தனக்கு வரவேண்டியதை எல்லாம் அவர் ஒரு நொடியில் தள்ளிவிட்டார். தான் கொடுக்கவேண்டியதைத் தள்ளவில்லை. அதற்காகத் திரும்பி வந்தார். பலனை எதிர்பாராமல் செய் என்று கீதை சொல்வதற்கு ஈமக்கடனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. செத்தவரிடமிருந்து திரும்ப எதுவும் வராது.

பட்டினத்தார் கதை தனியாகவும் நிற்கவில்லை. காலடியில் சங்கரர் தாய்க்குக் கொள்ளி வைத்த கதையும் கிட்டத்தட்ட இதுவே. சந்நியாசிக்குரிய விதியை மீறி வைத்தார் என்றுதான் அதையும் சொல்கிறார்கள். கூப்பிட வந்த தாயோடு வீடு திரும்ப மறுத்த ரமணர், 1922இல் அவர் உயிர் பிரியும்வரை நெஞ்சிலும் தலையிலும் கை வைத்தபடி பக்கத்திலேயே இருந்தார். இன்றைய ஆசிரமம் அந்தத் தாயின் சமாதியைச் சுற்றி எழுந்ததுதான்.

இதையெல்லாம் நான் இழுப்பதற்குக் காரணம் உண்டு. அகதி விண்ணப்பம் முடிவாகாத வருடங்களில் தாயின் செத்தவீட்டுக்குப் போகமுடியாமல் போனவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அப்படிப்பட்ட ஒருவரிடம், நான் பார்த்துக்கொண்டிருக்க, பெரியவர் ஒருவர் பற்றை விடு தம்பி என்றார். அவர் ஒன்றும் சொல்லாமல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆறுதலாகச் சொன்னதுதான். ஆனால் அது பத்தாம் பாடல். அந்த மனிதர் இன்னும் மூன்றாவதிலோ நான்காவதிலோ நின்றுகொண்டிருந்தார்.

பட்டினத்தாரிடம் எனக்குத் தீராத மனத்தாங்கலும் உண்டு. பெண்ணுடலைத் தோலும் சீழும் எலும்பும் என்று அருவருக்கும் பாடல்கள் அவர் பெயரில் குவிந்து கிடக்கின்றன. இங்கே பிறந்து வளர்ந்த மகள்மார் இவற்றைப் படித்துவிட்டு, ஆண் பற்று விடுவதற்கு எங்கள் உடம்பு ஏன் நாறவேண்டும் என்று கேட்டால், அது அந்தக் காலத்து வழக்கு என்ற மழுப்பல் போதாது. நான் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான்: அதே தொகுப்பில், தன்னை வளர்த்த கை வெந்து சாம்பலாவதைப் பார்த்து ஐயோ என்று கதறும் பாட்டும் இருக்கிறது. அங்கே அந்த உடல் அருவருப்பானதாக இல்லை. இரண்டையும் ஒருவரே பாடியிருந்தால் பின்னது முன்னதைப் பொய்யாக்குகிறது. இருவர் பாடியிருந்தால் நான் சிதையருகே நின்றவரின் பக்கம்.

போன மாதம் தபாலில் ஒரு அம்மாவின் அந்தியேட்டிக் கல்வெட்டு வந்தது. வழவழப்பான தாள், நல்ல அச்சு. சிவபுராணத்துக்குப் பிறகு பட்டினத்தார் என்று தலைப்பிட்டுப் பத்தாம் பாடலை மட்டும் போட்டிருந்தார்கள். அடுத்த பக்கம் பேரப்பிள்ளைகளின் படங்கள். இடையில் அரைப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. மற்ற ஒன்பதில் இரண்டு மூன்றுக்காவது அங்கே இடம் இருந்தது.