பன்னிரண்டு படங்களும் ஓயாத வாதமும்

1901-இல் கோடாக் நிறுவனம் தன் பிரவுனி பெட்டிக் கேமராவுக்காகக் கொண்டுவந்த 120 ஃபிலிம் இன்றும் விற்பனையில் இருக்கிறது. அகலம் சுமார் 6 செ.மீ.; முதுகில் எண்கள் அச்சிட்ட காகிதம். ஒரு சுருளில் சதுரமாக எடுத்தால் 12 படம், 6×7 என்றால் 10, 6×9 என்றால் 8. மீடியம் ஃபார்மட் என்று ஆர்வலர்கள் கொண்டாடுவது இந்தக் குடும்பத்தைத்தான். அவர்களில் இருவர் சந்தித்தால் பேச்சு நெகட்டிவின் அளவில் தொடங்கும். பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

அந்த வாதத்தில் பாதியைக் கணக்குப் போட்டே முடித்துவிடலாம். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படம் 24×36 மி.மீ.; ஹாசல்பிளாட் கேமராவின் சதுரம் 56×56. பரப்பில் மூன்றரை மடங்குக்கும் மேல். ஆகவே பெரிய பிரிண்ட் போட்டாலும் மணல் தூவியதுபோல் புள்ளிகள் எழாது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் சாம்பல் நிறம் படிப்படியாக இறங்கும். இதில் சந்தேகமில்லை. ஆனால் பின்னணி கரைந்து நிற்கும் அந்தப் 'பெரிய நெகட்டிவ் அழகு' இருக்கிறதே, அது அவ்வளவு அபூர்வமல்ல. சதுரக் கேமராவின் 80 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் தருகிற மங்கலை 35 மி.மீ. கேமராவின் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸும் தந்துவிடும். டிஜிட்டலில் குழப்பம் இன்னும் கூடுதல். 2017-இல் வந்த ஃபூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் கேமராவின் சென்சார் 44×33 மி.மீ.; பரப்பில் 35 மி.மீ. படத்தைப்போல் 1.7 மடங்குதான். இதை மீடியம் ஃபார்மட் எனலாமா கூடாதா என்ற பஞ்சாயத்து ஓய்ந்தபாடில்லை.

படங்களைப் பகிர்ந்துகொண்ட கதைகள் இதைவிடச் சுவையானவை.

நியூயார்க்கின் புகைப்படக் கலைஞர் டயான் ஆர்பஸ் 1962 வாக்கில் 35 மி.மீ. கேமராவை விட்டுச் சதுரத்துக்கு மாறினார். 1970-இல் தன் படங்களில் பத்தைத் தேர்ந்து, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கி விற்க முனைந்தார். பெட்டியே சட்டம், வாங்கியவர் இன்று ஒரு படத்தை மேலே வைக்கலாம், நாளை இன்னொன்றை. 50 பிரதிகள் என்பது திட்டம். 1971-இல் அவர் இறக்கும்வரை விற்றவை நான்கு. அவற்றில் இரண்டை வாங்கியவர் புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடான். அவரும் ரோலைஃப்ளெக்ஸ் என்ற சதுரக் கேமராவைப் பிடித்த கைதான். ஒன்று ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸுக்குப் போனது.

சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த விவியன் மையர் இதற்கு நேர் எதிர். ரோலைஃப்ளெக்ஸுடன் தெருத்தெருவாக அலைந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். அநேகமாக யாரிடமும் காட்டவில்லை. பல சுருள்களைக் கழுவக்கூட இல்லை. வாடகை பாக்கியால் அவருடைய பெட்டிகள் 2007-இல் ஏலத்துக்கு வந்தன. 2009-இல் அவர் இறந்த பிறகே உலகம் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கியது. எந்தப் படத்தை அவரே தேர்ந்திருப்பார் என்பது யாருக்கும் தெரியாது. இன்று நாம் பார்ப்பது பிறருடைய தேர்வு.

இவ்விரண்டுக்கும் நடுவில் ஓர் அருமையான வழியைக் கண்டவர் தில்லியின் புகைப்படக் கலைஞர் தயானிதா சிங். நண்பர்களுடன் பயணம் போவார். ஹாசல்பிளாடில் எடுத்த சதுரங்களை நெகட்டிவின் அளவிலேயே கான்டாக்ட் பிரிண்டுகளாகப் போட்டு வெட்டி, விசிறிமடிப்பு நோட்டுப் புத்தகத்தில் ஒட்டுவார். ஒன்று நண்பருக்கு, ஒன்று தனக்கு. இந்தப் பழக்கத்திலிருந்து பிறந்த ஏழு சிறு புத்தகங்கள், 2008-இல் 'சென்ட் எ லெட்டர்' என்ற சிறு பெட்டியாக அச்சேறின. அதில் ஒரு புத்தகம் நம் பத்மநாபபுரம். 2022-இல் ஹாசல்பிளாட் விருது அவருக்குக் கிடைத்தது.

விரலளவு பிரிண்ட் நம் வீடுகளுக்கும் புதிதல்ல. பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3 கேமராவும் 120 சுருளில் 12 சதுரம் எடுத்தது. பழைய ஆல்பங்களில் அப்படிப்பட்ட படங்களைக் காணலாம்.

அடுத்த முறை கூடும்போது ஆர்வலர்கள் லென்ஸைப் பைக்குள் வைத்துவிட்டு ஒரு கான்டாக்ட் ஷீட்டை மேசையில் விரிக்கட்டும். பன்னிரண்டில் எதைத் தேர்ந்தார்கள், எதை ஒதுக்கினார்கள், ஏன் என்று பேசட்டும்.