சும்மா இருக்கும் கோர்கள்: ஒரு மறுவாசிப்பு

போன மாதம் ஆபீஸ் கிளஸ்டரில் ஒரு ஜாப் இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. 'டாப்' போட்டுப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மூன்று நாள் டேட்டாபேஸ் டீம் மேல் பழி போட்டோம். அப்புறம்தான் 2016 யூரோசிஸ் மாநாட்டில் வந்த, லினக்ஸ் ஷெட்யூலர் பத்து வருடமாகக் கோர்களை வீணடிக்கிறது என்ற கட்டுரையை மறுபடி எடுத்தேன்.

வாதம் எளிது. ஒரு கோரில் திரெட் காத்திருக்கும்போது இன்னொரு கோர் ரொம்ப நேரம் சும்மா இருக்கக் கூடாது. லினக்ஸ் இதை மீறும் 4 பக்குகளைக் காட்டுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது முதலாவது. 64 கோர், 8 நோடு ஏஎம்டி மெஷின். ஒரு டெர்மினலில் 64 திரெட்டோடு 'மேக்' ஓடுகிறது; வேறு இரண்டில் தலா ஒரு 'ஆர்' புரோகிராம். லோடை டெர்மினல் வாரியாகப் பங்கு போடுவதால், தனியாக ஓடும் ஆர் திரெட்டின் லோடு ஒரு மேக் திரெட்டைப் போல சுமார் 64 மடங்கு! அந்த நோடில் சும்மா இருக்கும் கோர், பக்கத்து நோடிலிருந்து வேலையை இழுக்கப் பார்க்கும். ஆனால் ஒப்பிடுவது சராசரியை. இங்கேதான் லோடு அதிகம்னு விட்டுவிடும். தெருவில் ஒரு கோடீஸ்வரர் இருந்தால், மத்த வீட்டில் அடுப்பு எரியலைன்னாலும் சராசரிப்படி அது பணக்காரத் தெருதான். சராசரிக்குப் பதில் குறைந்தபட்ச லோடை ஒப்பிட்டதும் சரியானது.

குறையும் உண்டு. எல்லோரும் எடுத்துச் சொல்லும் 138 மடங்கு என்ற எண், ஒரு கோரை அணைத்து மறுபடி போட்டால் வரும் பக்கில் கிடைத்தது. தினமும் யார் அப்படிச் செய்கிறார்கள்? டேட்டாபேஸ் சோதனையில் கண்ட 14-23% இழப்புதான் நம் கவலைக்குரியது. தவிர, கேஷ் சூடாக உள்ள கோருக்காகக் கொஞ்சம் காத்திருப்பதே லாபம் என்ற நேரங்களும் உண்டு. அந்த ஒற்றை விதி இதைச் சொல்லாது.

ஆனாலும் நோய் கணிப்பு சரி. 2020-இல் வந்த லினக்ஸ் 5.5-இல் பேலன்சரைத் திருத்தி எழுதியபோது, வெறும் சராசரி லோடை விட்டு, சும்மா இருக்கும் கோர்களையும் ஓடும் டாஸ்க்குகளையும் எண்ணத் தொடங்கினார்கள்.

கட்டுரையின் நிஜச் சொத்து பக் பட்டியல் இல்லை, கருவி. நேரம் ஒரு அச்சு, கோர்கள் ஒரு அச்சு என்று படம் வரைந்து பார்ப்பது. நாங்களும் 'பெர்ஃப் ஷெட்' வைத்து அப்படிப் பார்த்தோம். எல்லாத் திரெட்டும் ஒரே நோடில் முட்டி மோதிக்கொண்டிருந்தன. கர்னல் தப்பே இல்லைங்க. எங்கள் ஸ்கிரிப்டில் யாரோ எப்போதோ போட்ட 'டாஸ்க்செட்' வரி. டேட்டாபேஸ் டீமுக்கு டீ வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டாயிற்று.