மலை ஏறும் மூச்சு

மைசூரின் மண்டி மொஹல்லாவில் கடைகள் திறக்கும் முன்பே சாமுண்டி மலைப் படிகளில் கூட்டம் இருக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். முதல் ஓரிரு நிமிடம் மூச்சு வாங்கும். ஆக்சிஜன் தேவையான அளவு வந்துசேரும்வரை தசை கடன் வாங்கித்தான் ஓட்டுகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி 2, அவ்வளவே. பிறகு நெஞ்சும் காலும் ஒரு தாளத்துக்கு வருகின்றன. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஆக்சிஜன் சேர்ந்தால் அதே குளுக்கோஸ் சுமார் 30 தருகிறது. கூடவே கொழுப்பும் எரிகிறது. மிஞ்சுவது கரியமில வாயுவும் தண்ணீரும்! எனக்குப் பிடித்த சிக்கனம் இது.

வேகமாய் ஓடும் இளைஞர்கள் பெரிய நந்தி சிலையை எட்டும் முன்பே இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவார்கள். படிக்குப் படி மஞ்சள் குங்குமம் இட்டு, ஊர்க்கதை பேசியபடி ஏறும் பெண்கள் நிற்பதேயில்லை. பேச முடிகிற வேகம்தான் ஆக்சிஜன் ஈடுகொடுக்கும் வேகம்.